வெள்ளிக்கிழமை பத்து நிமிடம்

எங்கள் நூலகத்தில் இணையம் இருக்கிறது. யார் கேட்டாலும் நான் இப்படித்தான் சொல்வேன், ஏனென்றால் அது பொய் இல்லை. நூலகர் கேஷவ் சாரின் அறையில், அவருடைய மேசைக்கு எதிரே உள்ள கணினியில் இருக்கிறது. அந்தக் கணினியின் பின்னால் செருகும் நீல நிறக் கேபிள் மட்டும் அவருடைய டிபன் பையில் இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார். ஆனால் அதற்கு முன்னால் பதிவேட்டில் எழுத வேண்டும். தேதி, பெயர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், என்ன தளம், என்ன காரணம், கையெழுத்து. மொத்தம் ஏழு கட்டம். என் கல்யாணத்தைப் பதிவு செய்தபோதுகூட இவ்வளவு கேள்வி கேட்கவில்லை.

நான் பார்கவி. புனேயில் ஆளந்தி ரோடு பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவி நூலகர். என் தலைக்கு மேலே 'மின்நூல் பிரிவு' என்று மூன்று மொழியில் ஒரு பலகை தொங்குகிறது. கல்லூரி பெரும் பணம் கட்டி ஆராய்ச்சி இதழ்களை இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறது. அவற்றின் கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது. மாணவர்கள் வந்து இன்ன கட்டுரை வேண்டும் என்பார்கள், நான் தேடி எடுத்து அனுப்ப வேண்டும். இதற்காகத்தான் என்னை மூன்று வருடத்துக்கு முன்னால் வேலைக்கு எடுத்தார்கள். எடுத்தவர்கள் என் மேசைக் கணினிக்கு இணைப்பு மட்டும் தர மறந்துவிட்டார்கள். அதில் புத்தகப் பட்டியலைப் பார்க்கலாம், வேறொன்றும் முடியாது.

கல்லூரியில் வைஃபை இல்லையா என்று கேட்பீர்கள். கேன்டீனில்கூட இருக்கிறது. வடாபாவ் தின்றுகொண்டே பிள்ளைகள் படம் பார்க்கிறார்கள். இணைப்பெல்லாம் கணினித் துறை ரமேஷ் சாரின் கையில். முதல் வாரமே அவரிடம் போய்க் கேட்டேன்.

"வைஃபை லிஸ்ட்ல ரெண்டே பிரிவுதான் மேடம். டீச்சிங், ஸ்டூடன்ட். நீங்க எதுல வர்றீங்க?" என்றார்.

நான் எதிலும் வரவில்லை. வாட்ச்மேனும் வரவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் வரவில்லை, நூலகத்து ஆட்களும் வரவில்லை. (அங்கே எங்கள் பேச்செல்லாம் இந்தியும் மராட்டியும் கலந்து நடக்கும். படிக்கிறவர்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.)

கேஷவ் சாரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் யாரோ அந்தக் கணினியில் கிரிக்கெட் பார்க்கப்போய், வைரஸ் வந்து, பதினாலாயிரம் புத்தகத்தின் பட்டியல் அழிந்துபோனதாம். அவருக்கு மெமோ கொடுத்தார்கள். அதைத் திரும்பத் தட்டி ஏற்ற அவருக்கு ஒன்றரை வருடம் ஆனது. அன்றிலிருந்து கேபிள் டிபன் பையில். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். இன்னொரு மெமோ இல்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கவலை.

ஆரம்பத்தில் நானும் ஒழுங்காகக் கேபிள் கேட்டேன். ஒரு கட்டுரைக்கு ஒரு தடவை ஏழு கட்டம். அவர் போனில் இருந்தால் வெளியே நிற்க வேண்டும். அவர் சாப்பிடப் போனால் கேபிளும் சாப்பிடப் போகும். மீட்டிங் போனால் அதுவும் மீட்டிங் போகும். அதற்குள் கேட்ட பிள்ளை காத்திருந்து காத்திருந்து ஓடிப்போயிருக்கும்.

அதனால் என் போனை எடுத்தேன். வேறென்ன செய்வது? பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது, அங்கே சிக்னல் நன்றாக வரும். புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்ட்டரில் இருக்கும் ராஜஸ்ரீ மாணவர்கள் கேட்பதைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவாள். நான் ஜன்னலோரம் போய் நின்று, என் சொந்த டேட்டாவில் தேடி, அவர்கள் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுவேன். ஒரு கட்டுரைக்கு ஐந்து நிமிடம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜன்னலோரத்தில் நிற்கும்போது எனக்கு என் வேலை பிடித்திருந்தது. இதில் ஒரே ஒரு சிக்கல்: பணி நேரத்தில் ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் போனை இழுப்பறையில் வைத்துவிட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை.

பதிவேடு காலியாகக் கிடந்தால் கேஷவ் சாருக்கு மனசு கேட்காது. "யாரும் ரூம் பக்கமே வர்றதில்லையே, என்மேல ஏதாவது கோபமா?" என்று ஒரு நாள் முகம் வாடிக் கேட்டார். பாவமாக இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வெள்ளிக்கிழமைப் பழக்கம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்கு அவர் சாய் குடித்து முடித்ததும் நானும் ராஜஸ்ரீயும் உள்ளே போவோம். கேபிளைச் செருகுவார். ஏதோ ஒரு தளத்தைத் திறந்து பத்து நிமிடம் பார்ப்போம். காரணம் என்ற கட்டத்தில் 'பட்டியல் சரிபார்த்தல்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அவருக்கும் திருப்தி, எங்களுக்கும் தொல்லை விட்டது. இந்த யோசனை என்னுடையதுதான். நல்ல யோசனை என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. கல்லூரியில் எந்தப் பிரிவு எவ்வளவு பயன்படுகிறது என்று கமிட்டி பார்க்கப் போகிறது, பயன்படாத பிரிவுகளை மூடி அங்குள்ள பணியிடத்தை ரத்து செய்வார்கள். மின்நூல் பிரிவின் பணியிடம் என்றால் நான்தான். கமிட்டிக்கு ஆதாரமாகக் கேஷவ் சார் எதை அனுப்பினார் என்று சொல்லத் தேவையில்லை. பதிவேட்டை அட்டை போட்டு அனுப்பியிருந்தார்.

"ஐயோ, அதை ஏன் சார் அனுப்புனீங்க?" என்றேன்.

"ஒரு வாரம்கூட விடாம எழுதியிருக்கீங்க, எவ்வளவு நீட்டா இருக்கு! அதான் அனுப்பினேன்," என்றார் சந்தோஷமாக.

அந்த நீட்டான பதிவேட்டில் வாரத்துக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது.

மறுநாள் காலை, ஹிஞ்சேவாடி போகும் கம்பெனி கேபுக்காகக் கீழே நின்றுகொண்டிருந்த என் கணவரிடம் சொன்னேன். சபரிக்கு எல்லாம் சுலபம். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள், கல்யாணமாகி இங்கே வந்தவர்கள்.

"போன்ல இருக்குதல்ல? அதைக் காட்டு. முடிஞ்சுது," என்றார்.

"போனை எடுக்கவே கூடாதுன்னு ரூல் இருக்குதுங்க. காட்டினா மெமோ குடுப்பாங்க."

"அப்பக் காட்டாதே."

"காட்டலீன்னா வேலை போயிருமுங்க!"

கேப் வந்துவிட்டது. "உங்க காலேஜ்ல மூளையோட யாருமே இல்லையா பார்கவி?" என்று கேட்டுக்கொண்டே ஏறிப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் நான் ஏன் இவரிடம் புலம்பிக்கொண்டு நிற்கிறேன்?

ராஜஸ்ரீ விஷயம் கேட்டதும் அழுதுவிட்டாள். ஏரவாடாவிலிருந்து பஸ்ஸில் வருகிறாள், வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை. என்னைத் தாயி என்றுதான் கூப்பிடுவாள், இந்த ஊரில் அக்காவை அப்படித்தான் சொல்வார்கள்.

"தாயி, துண்டுச் சீட்டு நான்தான் எழுதித் தந்தேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு அடுத்த மாசம் ரினியூவல்."

"உன் பேரு வராது. போய் முகத்தைக் கழுவு," என்றேன்.

கமிட்டி அன்றைக்கே மூன்று மணிக்குக் கூடியது. துணை முதல்வர் வைஜயந்தி மேடம் நடுவில், ரமேஷ் சார் கால்குலேட்டரோடு பக்கத்தில், கேஷவ் சார் ஓரத்தில். பதிவேடு மேசைமேல் இருந்தது.

"எட்டு மணி நேரம் இருபது நிமிஷம்," என்றார் ரமேஷ் சார்.

"ஒரு நாளைக்கா?" என்றார் மேடம்.

"ஒரு வருஷத்துக்கு மேடம். ஐம்பது வாரம், வாரத்துக்குப் பத்து நிமிஷம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "பார்கவி, இதுக்கு ஒரு முழுநேரப் பணியிடம் வேணுமா? நீங்களே சொல்லுங்க."

"அது எங்க வேலையோட கணக்கே இல்ல மேடம். பதிவேடு காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதினது," என்றேன்.

கேஷவ் சாரின் முகம் வெளிறிப்போனது. "என் முன்னாடிதானே எழுதினீங்க? பத்து நிமிஷமும் நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்?"

"எழுதினது நிஜம் சார். உட்கார்ந்திருந்ததும் நிஜம். வேலைதான் அங்க நடக்கல."

இதற்கு மேல் சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை இல்லை. போனை எடுத்து மேடம் முன்னால் வைத்தேன். "இங்கதான் நடந்தது. போன வருஷம் மட்டும் அறுநூத்துப் பன்னெண்டு கட்டுரை அனுப்பியிருக்கேன். சுற்றறிக்கை இருக்கிறது எனக்குத் தெரியும். மெமோ குடுக்கறதுன்னா எனக்கு மட்டும் குடுங்க. ஆனா வேலை நடக்கலன்னு மட்டும் சொல்லாதீங்க."

மேடம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நன்றி சொல்லும் கும்பிடுகள், 'அர்ஜன்ட் மேம்'கள், தலைப்புகள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என் நம்பர்," என்றார்.

ஆமாம். பிப்ரவரியில் ஏதோ கருத்தரங்குக்காக ஒரு கட்டுரை கேட்டிருந்தார். இருபது நிமிடத்தில் வேண்டும் என்றார், பன்னிரண்டு நிமிடத்தில் அனுப்பினேன்.

"நீங்க உங்க கம்ப்யூட்டர்லேருந்து அனுப்பினதா நெனச்சேன்."

"என் கம்ப்யூட்டர்ல நெட் இல்ல மேடம்."

"கேஷவ் சார் ரூம்ல இருக்கே?"

"இருக்கு மேடம்," என்றார் கேஷவ் சார். "கேட்டாக் குடுப்பேன். ஒருத்தருக்கும் நான் இல்லன்னு சொன்னதே கிடையாது."

அது அட்சர சுத்தமான உண்மை. அதைக் கேட்டதும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மேடம், என் மேசைக்கு ஒரு கனெக்‌ஷன் குடுங்க. நான் கேட்கிறது அவ்வளவுதான்," என்றேன்.

ரமேஷ் சார் தலையை ஆட்டினார். "குடுக்கலாம். ஆனா யூசேஜ் காட்டணும். ரெக்கார்டுல தேவையே இல்லன்னு இருக்கு. போன்ல பண்ணினது நம்ம நெட்வொர்க்கு கணக்குல வராது."

"நெட் இருந்தாத்தானே சார் யூசேஜ் வரும்?"

"யூசேஜ் இருந்தாத்தானே மேடம் நெட் வரும்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மனுஷன் முகத்தில் அவ்வளவு பொறுமை.

மேடம் தீர்ப்புச் சொன்னார். மெமோ கிடையாது. பணியிடம் இன்னும் ஆறு மாதத்துக்கு இருக்கும். அதற்குள் எல்லா வேலையையும் முறையாகக் கேஷவ் சாரின் கணினியில் செய்து, பதிவேட்டில் ஏற்றிக் காட்ட வேண்டும். காட்டினால் என் மேசைக்கு இணைப்பு. இல்லாவிட்டால் பணியிடம் ரத்து. பணி நேரத்தில் போனைத் தொட மாட்டேன் என்று நான் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தேன். "உங்களுக்கு நல்லதுதானே?" என்றார் மேடம், ரொம்பக் கனிவாக. "தேங்க்ஸ் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வெளியே வந்ததும் கேஷவ் சார் எனக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வாங்கித் தந்தார். "இனிமே தினமும் வாங்க. நாற்காலிக்கு ஒரு குஷன்கூடப் போட்டு வைக்கிறேன்," என்றார். போட்டும் வைத்தார்.

முதல் வாரம் வெறியோடு உழைத்தேன். காலையில் பதினோரு பேர் வந்தால் மதியத்துக்குள் மூன்று பேருக்கு முடியும். ஒவ்வொருவருக்கும் ஏழு கட்டம் எழுதி முடிப்பதற்குள் கேஷவ் சாருக்குப் போன் வரும், நான் வெளியே போய் நிற்பேன். ஒன்றரைக்கு அவர் பையைத் தூக்கிக்கொண்டு சாப்பிடக் கிளம்புவார். மிச்சம் எட்டுப் பேரிடம் நாளைக்கு வாருங்கள் என்பேன். மறுநாள் அந்த எட்டில் இரண்டு பேர்தான் வந்தார்கள். இரண்டாவது வாரம் காலையில் ஆறு பேர்தான் வந்தார்கள். எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறேனோ அவ்வளவுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே போனது. பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்போது எனக்கே கண்ணுக்குத் தெரிந்தது, ஆறு மாதம் கழித்து ரமேஷ் சார் கூட்டிப் பார்க்கப்போகும் தொகை.

அந்த வியாழக்கிழமை கேஷவ் சார் பல்கலைக்கழகத்தில் ஏதோ கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார். பதினொரு மணிக்கு ஸ்ரீரஞ்சனி ஓடி வந்தாள். எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம், விஷ்ராந்த்வாடியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வீட்டில் தமிழ்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்ததால் நடுநடுவே வார்த்தை தட்டும், இந்தி வந்துவிடும்.

"மேம், ரெண்டு பேப்பர் வேணும். ரெண்டு மணிக்கு ரிவ்யூ. கைட் சொன்னாங்க, இது ரெண்டும் இல்லன்னா... க்யா போல்தே ஹைன்... ஏத்துக்க மாட்டாங்க. அடுத்த செமஸ்டர் போயிடும்."

"நூலகர் ரூம்லதான் நெட் இருக்கு. அவர் இன்னிக்கு இல்லம்மா. நாளைக்குக் காலைல முதல்ல உனக்குத்தான்."

"நாளைக்கு எதுக்கு மேம்? ரிவ்யூ இன்னிக்கு."

"தெரியுது. என்னால இப்ப முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கணினியைப் பார்த்தாள், பிறகு என் தலைக்கு மேலே பலகையைப் பார்த்தாள்.

"மேம், உங்களுக்கே நெட் இல்லையா?"

கேலி இல்லை. நிஜமாகவே அவளால் நம்ப முடியவில்லை. ஆறு தடவையாவது என்னிடம் கட்டுரை வாங்கியிருக்கிறாள். இத்தனை நாள் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

இழுப்பறையில் போன் இருந்தது. எடுத்தால் எழுதித் தந்ததை மீறியதாக ஆகும், அடுத்த நாளே வீட்டுக்கு. எடுக்காவிட்டால் ஐந்தரை மாதம் கழித்து வீட்டுக்கு. இதில் எது புத்திசாலித்தனம் என்று யோசிக்க முயன்றேன், கோபத்தில் ஒன்றும் ஓடவில்லை. எழுதித் தந்த தாளில் என்ன இருந்தது? பணி நேரத்தில் தொட மாட்டேன் என்றுதானே?

"ஸ்ரீரஞ்சனி, நில்லு!" என்று கத்தினேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நூலகத்தில் முதல் தடவையாகக் கத்துகிறேன்.

ராஜஸ்ரீயிடம் ஒரு விடுப்புப் படிவம் வாங்கி அரை நாள் என்று எழுதினேன். "சார் டேபிள்ல வெச்சிரு."

"தாயி, என்னாச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. வேலை இருக்கு."

இழுப்பறையைத் திறந்து போனை எடுத்துக் கைப்பையில் போட்டேன். வருகை மெஷினில் விரலை வைத்து வெளியேறும் நேரத்தைப் பதிந்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு வாட்ச்மேன் முன்னால் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் போனைக் கையில் எடுத்தேன். எதிரே வடாபாவ் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. பஸ் புகையிலும் ஆட்டோ சத்தத்திலும் உட்கார்ந்து ஸ்ரீரஞ்சனியின் இரண்டு கட்டுரையையும் தேடினேன். ஒன்பது நிமிடம் ஆனது. அவள் போன் இரண்டு தடவை டிங் என்றது. கும்பிடக்கூட நேரமில்லாமல், "தேங்க்யூ மேம், தேங்க்யூ!" என்று ரோட்டைக் கடந்து ஓடினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்தின் மேலேயே எரிச்சலும் வந்தது. சம்பளம் கொடுத்து என்னை எதற்காக வைத்திருக்கிறார்களோ, அதைச் செய்ய நான் லீவு போட்டுவிட்டு நடுரோட்டில் உட்கார வேண்டியிருக்கிறது. அன்றைக்குப் பதிவேட்டில் ஒரு வரிகூட ஏறாது. இதையே நான் தொடர்ந்தால், ஜனவரியில் அந்த மேசை எனக்கு இல்லை.

எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று பையை மாட்டினேன். கேட்டுக்குள்ளிருந்து மூன்று பேர் என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். ஸ்ரீரஞ்சனி போகிற போக்கில் சொல்லியிருக்க வேண்டும். முன்னால் வந்த பெண் தயங்கித் தயங்கி, "மேம், நீங்க இப்ப டியூட்டியிலயா இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றேன். பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். "உட்காரு. தலைப்பைச் சொல்லு."